வாத்துகள் கடக்க முடியாத சாலை: ஃபுகுவோகாவும் ஒரு முட்டைக் கடையும்

1

மசானபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யில் வாத்துகளைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. படித்தவர்களில் பலருக்கு அது நினைவில் இருக்காது. போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு காலத்தில் அவர் வயலில் வாத்துகளை இறக்கிவிடுவது வழக்கம். அதுவே எருவுக்கும் வழி. பிறகு அந்தப் பக்கம் ஒரு தேசிய நெடுஞ்சாலை வந்தது. கொட்டகைக்கும் வயலுக்கும் நடுவே தார் ரோடு விழுந்ததும் வாத்துகளால் போய்வர முடியவில்லை. வாத்து விஷயம் அதோடு முடிந்தது. வைக்கோல் மட்குவதற்குக் கொஞ்சம் கோழி எருவைப் போட்டுச் சமாளித்தார்.

இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், மனிதன் குறுக்கே விழாமல் இருந்தால் போதும் என்று பேசும் ஒரு புத்தகத்தில், இயற்கையால் தானாகத் தீர்க்க முடியாத ஒரே பொருளாக அந்தச் சாலை கிடக்கிறது. அதை ஃபுகுவோகா எதிர்த்துப் பேசவில்லை, விளக்கவும் இல்லை. இரண்டு வாக்கியங்களில் தாண்டிவிட்டார். வாத்துகளுக்குக் கிடைக்காத வசதி அது.

இந்தக் கட்டுரை அந்தச் சாலையிலிருந்து அவரை வாசிக்கும் முயற்சி. என் கையில் இருக்கும் சாலை சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. திருமாந்துறை டோல்கேட்டிலிருந்து பாடாலூர் வரை பெரம்பலூர் மாவட்டத்தை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் ஓரத்தில் இப்போது நிறைய பலகைகள் தெரிகின்றன. 'நாட்டு முட்டை', 'சுத்தமான தேன்', 'நன்னாரி சர்பத்'. ஒரு தார்ப்பாய், நாலு கம்பு, ஒரு பெஞ்சு, ஒரு பிளாஸ்டிக் சேர். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. ஊரை ஒட்டின சாலையில் பெரியம்மா நடத்துகிறார். நான் சென்னையில் கோடு அடிக்கிறேன், லீவுக்குப் போனால் கணக்கு எழுதுகிறேன். 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் நான் படித்தவை எல்லாம் விதைப்பைப் பற்றியே பேசுகின்றன. விற்பதைப் பற்றி அந்தப் புத்தகம் சொல்வதை யாரும் நிறுத்திப் படித்ததாகத் தெரியவில்லை. அங்கேதான் புத்தகம் தடுமாறுகிறது என்பது என் வாதம். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நாம் அப்படியே சுவீகரித்துக்கொண்டோம்.

2

புத்தகத்தின் வாழ்க்கை வரலாறு எல்லாருக்கும் தெரிந்ததே. 1913ல் ஜப்பானின் ஷிகோகு தீவில் பிறந்தவர். யோகோஹாமா சுங்கத்துறையில் தாவரங்களைப் பரிசோதிக்கும் ஆய்வாளர். 25 வயதில் ஒரு மன உடைவு, ஒரு தரிசனம், ராஜினாமா. ஊர் திரும்பி, உழாமல், ரசாயன உரமில்லாமல், களை எடுக்காமல், மருந்தடிக்காமல் நெல்லும் பார்லியும் ஆரஞ்சும் விளைவித்தார். ஜப்பானிய மூலம் 1975ல் வந்தது, ஆங்கிலம் 1978ல். தமிழில் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசிய பேச்சுகளோடு சேர்ந்து இந்தப் புத்தகமும் ஒரு தலைமுறைக்குள் இறங்கியது. நம்மாழ்வார் 2013 டிசம்பரில் மறைந்த பிறகு அவர் பெயரைச் சொல்லி ஊர் திரும்பியவர்களில் கணிசமானோர் என்னைப் போல இன்ஜினியரிங் படித்தவர்கள். வேலையை விடும் முடிவுக்கு ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது. சுங்கத்துறை ஆய்வாளர் கச்சிதமாகப் பொருந்தினார்.

அவருடைய விலைக் கொள்கை எளிமையானது. இயற்கை வேளாண்மைக்குச் செலவு குறைவு, உழைப்பும் குறைவு. ஆகவே அந்த உணவு சந்தையிலேயே மலிவானதாக இருக்க வேண்டும். விலை அதிகம் என்றால் நடுவில் வியாபாரி அதிக லாபம் எடுக்கிறான் என்று பொருள். இயற்கை உணவு பணக்காரர்களின் ஆடம்பரமாகிவிட்டால் அது தன் நோக்கத்தையே இழந்துவிடும். அது பரவ வேண்டுமானால் அந்தந்த ஊரிலேயே நியாயமான விலைக்குக் கிடைக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது யாருக்கும் தலை தானாக ஆடும். சென்னையில் இயற்கை அங்காடி ஒன்றுக்குள் நுழைந்து விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒவ்வொருவருக்கும் அவர் சொல்வது சரி என்று தெரியும். நானும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் சரியான முடிவுக்கு அவர் போகும் வழி இருக்கிறதே, 'செலவு குறைவு, உழைப்பு குறைவு', அதை ஒரு முட்டையை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

3

நாட்டுக்கோழி என்று நம் வீடுகளில் திரிவது ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து, அவற்றை இழுத்துக்கொண்டு திரிந்து, ஓய்ந்து, மறுபடி இடத் தொடங்கும். பண்ணையில் இருக்கும் வெள்ளை லேயர் கோழி ஆண்டுக்கு 300க்கு மேல் இடும். அதற்கு அடைகாக்கும் புத்தி இல்லாதபடி இனத்தேர்வு செய்துவிட்டார்கள்.

இப்போது கணக்கு. இருபது கோழி வைத்திருக்கும் ஒரு வீடு. சராசரி 70 முட்டை என்றால் ஆண்டுக்கு 1,400. ஒவ்வொரு கோழிக்கும் ஆண்டில் ஒரு தடவை 12 முட்டை அடை வைத்தால் 240 கழிந்தது. மிச்சம் 1,160. ஒரு நாளைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். 30 முட்டைத் தட்டு ஒன்று நிறைய ஒன்பது, பத்து நாள் ஆகும். ஒரு முட்டையை 15 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 17,400 ரூபாய், நாளுக்கு 48 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024–25ல் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய்.

இந்த 48 ரூபாய்க்கு என்னென்ன செய்ய வேண்டும்? விடியலில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட வேண்டும். கம்போ நொய்யோ தூவ வேண்டும். கீரி, பருந்து, தெருநாய் மூன்றுக்கும் ஒரு கண் வேண்டும். எந்தக் கோழி எந்த வைக்கோல் போரில், எந்தப் பரண் மேல், யார் வீட்டுக் கொல்லையில் முட்டை விட்டிருக்கிறது என்று தேட வேண்டும். அந்தி சாய எண்ணி அடைக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் இருபதும் சுருண்டு விழும். அதற்குத் தடுப்பு மருந்து போட வேண்டும். இதெல்லாம் 'உழைப்பு குறைவு' என்பதில் அடங்குமா?

அடங்கும், யாராவது அதை உழைப்பு என்று எண்ணாதவரை. சிக்கலே அதில்தான். பெரியம்மாவிடம் "ஒரு நாளைக்குக் கோழிக்கு எவ்ளோ நேரம் ஆவுது?" என்று கேட்டேன். "அதுக்கு என்னப்பா நேரம், அது பாட்டுக்கு மேயுது" என்றார். அன்றைக்கு ஒரு நாள் கூடவே இருந்து எழுதினேன். விட்டுவிட்டு மூன்று மணி நேரம் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த மூன்று மணி நேரம் அவருக்கே நேரமாகத் தெரிந்ததில்லை, அவ்வளவுதான்.

ஃபுகுவோகாவுக்கும் அப்படித்தான் தெரியாமல் போகிறது. புத்தகம் சொல்லும் கணக்குப்படி அவரிடம் ஒன்றேகால் ஏக்கர் நெல் வயல், பன்னிரண்டரை ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம். நிலம் பரம்பரையாக வந்தது. மலைத் தோட்டத்தின் குடிசைகளில் இளைஞர்கள் வந்து தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு, வேலை செய்தார்கள். அவர்கள் கற்றுக்கொள்ள வந்தவர்கள், கூலிக்கு வந்தவர்கள் அல்ல. வீட்டுப் பெண்களின் உழைப்பு ஒரு கணக்காக எங்கும் வரவில்லை. நிலத்துக்குக் கடன் இல்லை, ஆளுக்குக் கூலி இல்லை. அப்படியானால் ஆரஞ்சு மலிவாகத்தான் இருக்கும். நேர்மையான மனிதர், ஐயமே இல்லை. ஆனால் அவருடைய மலிவு விலை அவர் நினைத்ததுபோல இயற்கை கொடுத்த தள்ளுபடி அல்ல. அதில் பாதி, கணக்கில் வராதவர்கள் கொடுத்த தள்ளுபடி.

தமிழ் நாவல்கள் இந்த இடத்தில் ஃபுகுவோகாவைவிடத் தெளிவாக இருக்கின்றன. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யைப் படித்தவருக்கு, ஆடு 'அது பாட்டுக்கு' மேய்வதில்லை, பண்ணையத்துக்கு விடப்பட்ட ஒரு சிறுவனின் பால்யம் அதன் பின்னால் நடந்துபோகிறது என்று தெரியும். அரியலூருக்கு வடக்கே விருத்தாசலம் பக்கத்து வாழ்க்கையை எழுதிய கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'யில் நிலம் என்பதே கூலி வேலைதான். அங்கே மண்ணைப் பார்த்து யாரும் பரவசப்படுவதில்லை. நம் வாசிப்பில் இவை இரண்டும் தனித்தனி அலமாரியில் இருக்கின்றன. நாவல் அலமாரியில் கூலி இருக்கிறது, இயற்கை வேளாண்மை அலமாரியில் இல்லை. ஒரே வாசகர்தான் இரண்டையும் வாங்குகிறார்.

4

மலிவு என்பதற்கு நேரெதிராக இன்னொரு வழி இருந்தது. அதுவும் ஒரு புத்தகமாகவே இருக்கிறது, நம் பக்கத்திலேயே நடந்தது. ஒய்.எம்.சி.ஏ.வின் அமெரிக்கச் செயலாளர் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில், அப்போது திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் ஒரு கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். அந்த அனுபவத்தை 1932ல் 'அப் ஃப்ரம் பாவர்ட்டி இன் ரூரல் இந்தியா' என்ற நூலாக எழுதினார். மையம் எடுத்துக்கொண்ட வீட்டுத் தொழில்களில் மூன்றைப் பாருங்கள்: கோழி முட்டை, தேனீப் பெட்டி, பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம். நம் சாலையோரப் பெஞ்சில் இன்றைக்கு இருக்கும் அதே மூன்று சரக்கு, நூறு வருஷத்துக்கு முன்னால்.

ஹாட்ச்சின் அக்கறை விளைச்சலில் நிற்கவில்லை. விற்பனைதான் ஏழைக் குடும்பம் தோற்கும் இடம் என்று அவர் கண்டுகொண்டார். ஆளுக்கு நாலு முட்டையைக் கொண்டுபோய்ச் சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, கூட்டுறவாகச் சேர்த்து, தரம் பிரித்து, வெளியூருக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். முட்டை நம்பகமானது என்று தெரிந்தால் விலை கூடும் என்பது அவர் கணக்கு. அந்த விதை பொய்க்கவில்லை. மார்த்தாண்டம் இன்றைக்கும் தேனுக்குப் பேர்போன ஊர், அங்கே தேன் கூட்டுறவும் உண்டு, புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூடுகளைச் சூறையாடியபோதும் அந்தத் தொழில் முழுக்கச் சாகாமல் மீண்டது. தனி ஆளாக இருந்திருந்தால் பெட்டியை விறகுக்குப் போட்டிருப்பார்கள்.

இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்தால் ஒரு நல்ல சண்டை கிடைக்கிறது. ஹாட்ச்சுக்குத் தரம்பிரித்தல் விடுதலை. ஃபுகுவோகாவுக்குத் தரம்பிரித்தல்தான் நோயின் தொடக்கம். அவருடைய புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி பழங்களைப் பற்றியது. அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தால் விலை எகிறுகிறது. அதனால் விவசாயி அளவுக்காகவும் நிறத்துக்காகவும் மருந்தடிக்கிறான். பிறகு சாயம், பிறகு மெழுகு. கண்ணுக்கு அழகான பழம் கேட்டது நுகர்வோர், விஷம் வந்தது அதன் விளைவாக. விலை அதிகம் என்றால் வியாபாரியைக் கைகாட்டிய அதே மனிதர், இங்கே வாங்குபவரின் கண்ணையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். இந்தப் பக்கங்களில் அவர் ஞானி அல்ல, பழ வியாபாரம் தெரிந்த ஆள். அதனாலேயே எழுத்து கூர்மையாகிறது.

நாட்டு முட்டைக்கு நடந்திருப்பதும் அதேதான். வாங்க வருபவருக்கு முட்டை ஓடு பழுப்பாக இருக்க வேண்டும், கரு ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். ஓட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது கோழியின் இனம். சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கருவின் நிறத்தைத் தீர்மானிப்பது தீவனம். மக்காச்சோளம் தின்றால் கரு மஞ்சள் கூடும், கூண்டில் இருந்தாலும் சரி, கொல்லையில் திரிந்தாலும் சரி. ஆக, வாங்குபவர் எதைச் சோதனை என்று நினைக்கிறாரோ அதைப் பண்ணையிலேயே தயாரித்துவிடலாம்.

இங்கே பெரம்பலூருக்கென்று ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் இது முன்னணியில் இருப்பது. 2018ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது முதலில் கதறியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அந்தச் சோளம் பெரும்பாலும் எங்கே போகிறது? கோழித் தீவனத்துக்கு, நாமக்கல் பக்கம். நாமக்கல்லிலிருந்து வரும் வெள்ளை முட்டைக்குள் ஏற்கெனவே பெரம்பலூர் இருக்கிறது. பலகை வைக்காமல், பெயர் போடாமல் இருக்கிறது. நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி 'உள்ளூர் முட்டை' கேட்பவருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார், ஆனால் வெள்ளை முட்டையை வாங்க மாட்டார்.

5

நாமக்கல்லை இயற்கை ஆர்வலர்கள் வில்லனாக மட்டுமே பேசுகிறார்கள். கூண்டுக் கோழியின் வாழ்க்கை கொடுமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விலை என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். 1982ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானபோது அதன் முழக்கத்தின் சாரம், முட்டை என்னுடையது, விலையும் நான்தான் சொல்வேன் என்பது. அதுவரை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டவர்கள், கூடி விலை அறிவிக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் நாமக்கல் முட்டை விலை நாளிதழில் செய்தி. பிறகு அந்த அமைப்பும் பெரிய பண்ணைகளின் கூடாரமானது வேறு கதை. 1999ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளும் இதே கேள்விக்கு இன்னொரு பதில். அங்கே விலை பலகையில் இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தேவையில்லை.

சாலையோரக் கடைக்கு இந்த இரண்டும் இல்லை. அங்கே விலையைத் தீர்மானிப்பது கதை. நெடுஞ்சாலையில் நிற்கும் கார் மறுபடி வராது. நடுவில் தடுப்பு இருப்பதால் எதிர்ப்பக்கம் போகிறவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது. ஒரே ஒரு முறை, ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் நம்பிக்கை பிறக்க வேண்டும் என்றால் கதை தேவை. "எங்க கொல்லையில மேஞ்ச கோழிங்க." "பச்சைமலையில எடுத்த தேனுங்க." ஊருக்குள் இருக்கும் கடைக்கு இது வேண்டாம். பெரியம்மாவிடம் வாங்க வருபவர் யாரும் நாட்டு முட்டைதானா என்று கேட்பதில்லை. அந்தக் கோழி அவர்கள் வீட்டு வாசலிலும் வந்து கொத்துகிறது. "அத்தே, நேத்து ரெண்டு கூமுட்டையா போச்சு" என்று வந்து நிற்பார்கள், பெரியம்மா இரண்டு மாற்றிக் கொடுப்பார். தினம் வருபவருக்குக் கணக்கு போதும். ஒரே முறை வருபவருக்குத்தான் கதை.

நெடுஞ்சாலைப் பலகைகளின் கதையைக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். தினமும் ஐந்து தட்டு, அதாவது 150 நாட்டு முட்டை விற்கும் கடைக்கு எத்தனை கோழி வேண்டும்? 150ஐ 365ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 780க்கு மேல். அத்தனை கோழி மேயும் கொல்லை எங்கே? வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்திய இனங்கள் இருக்கின்றன, அவை கூடுதலாக இடும், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பலகையில் அந்தப் பெயர் இருக்காது. அந்தப் பெயருக்குக் கார் நிற்காது.

தேனில் இது இன்னும் மோசம். முட்டையைக் கணக்குப் போட்டாவது பிடிக்கலாம். தேனை எதைக் கொண்டும் பிடிக்க முடியாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, நாய் நக்குமா என்று பார்ப்பது எதுவும் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்காது. கெட்டியான சர்க்கரைப் பாகு இதில் பாதியைப் பாஸ் பண்ணிவிடும். உறைந்துபோன நல்ல தேனை 'சர்க்கரை கலந்தது' என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனியில் அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனைக்கு அனுப்பியபோது தேறியவை மூன்றுதான். உள்நாட்டுச் சோதனைகளுக்குத் தப்பும்படி பாகையே வடிவமைத்து விற்கிறார்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. பெரிய நிறுவனம் தோற்றதும் மக்கள் எங்கே ஓடினார்கள்? 'நேரா காட்டுல எடுத்தது' என்று சொல்லும் சாலையோரத்துக்கு. அங்கே எந்தச் சோதனையும் இல்லை. நம்பிக்கை இடம் மாறியது, ஆதாரம் மாறவில்லை.

இந்தப் பெஞ்சில் நேர்மையான சரக்கு ஒன்று உண்டென்றால் அது நன்னாரி சர்பத். வேரை இடித்து ஊறவைத்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து கலந்தது. முக்கால்வாசி சர்க்கரை என்பதை அது மறைப்பதில்லை. வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். யாரும் அதைத் தீக்குச்சியில் தொட்டுப் பார்ப்பதில்லை. தேன் பாட்டிலில் பாகு இருந்தால் மோசடி, சர்பத் பாட்டிலில் இருந்தால் சர்பத். பொருள் ஒன்றுதான். சொல்லிவிட்டு விற்கிறோமா என்பதுதான் வித்தியாசம்.

6

இதுவரை சொன்னது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருக்கும் விஷயம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வீட்டுக்குள் நடப்பது. ஃபுகுவோகா, ஹாட்ச் இருவரைக் கொண்டும் அதை முழுதாகப் படிக்க முடியவில்லை.

தமிழில் 'சிறுவாடு' என்று ஒரு சொல் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் கணவனுக்குத் தெரியாமலோ, தெரிந்தும் கேட்கப்படாமலோ சேர்த்து வைக்கும் காசு. எங்கள் பக்கம் அதன் ஊற்றுக்கண்களில் முக்கியமானது கோழி. நெல்லும் பருத்தியும் சின்ன வெங்காயமும் ஆம்பளைக் கணக்கு. முட்டைக் காசு பெண் கணக்கு. தொகை சின்னது என்பதால் யாரும் கேட்கவில்லை, யாரும் கேட்காததால் அது அவள் காசாக இருந்தது. பேத்திக்குக் கொலுசு, பொண்ணு வீட்டுக்குப் போக பஸ் காசு, ஆஸ்பத்திரிக்கு அவசரச் செலவு எல்லாம் அந்தச் சுருக்குப்பையிலிருந்துதான்.

கடை என்று ஒன்று போட்டதும் என்ன ஆகிறது? முட்டை 'வருமானம்' ஆகிறது. பலகை வருகிறது, பேர் வருகிறது, கியூஆர் அட்டை வருகிறது. அந்த அட்டை யாருடைய வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் கடையில் அது பெரியம்மாவின் மகன் கணக்கு. அவனிடம்தான் ஸ்மார்ட்போன், அதனால். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் ஒரு வருஷத்தில் சுருக்குப்பைக்குள் விழுவது பாதியாகக் குறைந்துவிட்டது. அதே கோழி, அதே மூன்று மணி நேரம். விலை முன்பைவிட அதிகம், விற்பனையும் அதிகம். பெரியம்மா மட்டும் இப்போது பஸ்ஸுக்குக் காசு கேட்கிறார். கேட்டால் கொடுக்கிறார்கள். முன்பு கேட்க வேண்டியிருந்ததில்லை.

"ஒனக்கு ஒரு அக்கவுண்ட் தொடங்கி அத அட்டையில போட்டுடலாமா பெரிம்மா?" என்றேன். "எனக்கு எதுக்குடா தம்பி அதெல்லாம்" என்றுவிட்டு, கொஞ்சம் நேரம் கழித்து, "காசா குடுக்கறவங்கள எங்கிட்ட அனுப்பச் சொல்லு" என்றார். பொருளாதாரம் படித்தவர் யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

இந்த இடத்திலிருந்து 'மலிவாகக் கொடு' என்ற ஃபுகுவோகாவின் அறத்தைத் திரும்பப் பார்த்தால், அது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்ற கேள்வி வருகிறது. நிலம் உள்ள ஆண் தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டால் அது துறவு. முட்டைக் காசில் மட்டுமே சொந்தமாக எதையும் வைத்திருக்கும் ஒருத்தியிடம் அதையே சொன்னால் அதற்குப் பெயர் துறவு இல்லை. ஹாட்ச்சின் தரம்பிரித்தலும், இன்றைய பிராண்டிங்கும், சமூக ஊடகத்தில் வரும் 'ஐடி வேலையை விட்டு மாதம் லட்சம்' வீடியோக்களும் விலையைக் கூட்டித் தரும் வழிகள். கூடின விலை வீட்டுக்குள் யார் கைக்குப் போகிறது என்று அவை கேட்பதில்லை.

7

அப்படியானால் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. வைக்கோலை எரிக்காதே என்று ஒரு தேசத்துக்கே சொன்ன புத்தகம் அது. பழத்தின் நிறத்தைப் பற்றிய அந்தப் பக்கங்கள் இன்றைய எந்த இயற்கை அங்காடிக்கும் பொருந்தும் விமர்சனம். இயற்கை உணவு ஆடம்பரமாகிவிடும் என்று 1975லேயே அவர் பயந்தார், அந்தப் பயம் பலித்துவிட்டது. ஊருக்குள்ளேயே, நியாயமான விலைக்கு என்று அவர் சொன்ன பாதி உண்மை. அந்த 'நியாயம்' எப்படிக் கணக்கிடப்படும் என்ற மறுபாதியை அவர் எழுதவில்லை.

அதை எழுத வேண்டியது நாம்தான். அதற்குத் தத்துவம் தேவையில்லை, ஒரு நோட்டுப் போதும். கோழி எத்தனை, முட்டை எத்தனை, அடை வைத்தது எத்தனை, செத்தது எத்தனை, தீவனம் எவ்வளவு, யார் எத்தனை மணி நேரம், காசு யார் கைக்குப் போனது. கடைசி இரண்டு கட்டங்களைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஊர் திரும்பியவர்கள் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். மண்புழு, பஞ்சகவ்யம், முதல் மழை, அப்பாவின் கண்ணீர் எல்லாம் வந்துவிட்டது. அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பிய ஒரு புத்தகத்தை நான் இன்னும் படிக்கவில்லை. வந்தால் அது ஃபுகுவோகா அளவுக்கு அழகாக இருக்காது. நெடுக எண்களாக இருக்கும். ஆனால் பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருபது கோழி வைத்திருக்கும் ஒருத்தி அதில் தன் பெயருக்கு நேரே ஒரு தொகையைப் பார்ப்பாள்.

அதுவரைக்கும் வாசகர்களாக நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அடுத்த முறை சாலையோரத்தில் இறங்கும்போது 'ஒரிஜினல்தானே?' என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். 'எத்தனை கோழி இருக்கு?' என்று கேளுங்கள். பெஞ்சுக்குப் பின்னால் நிற்பவர் ஒரு பெண்ணாக இருந்தால், சில்லறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காசாகக் கொடுங்கள்.